அண்ணன் 'பாஸ் அவுட்' ஆன கதை

கிளிநொச்சி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம்; காலபோக விதைப்பும் முடிந்துவிட்டது.

சென்ற வாரம் பதினோராம் தரப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் 'பாஸ் அவுட்' ஆன அன்று அம்மா மகிழ்ச்சியில் அழுதார் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். லண்டனில் இருக்கும் உன் காதில் அது எப்படி விழும் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: பிள்ளை மயங்கி விழுந்திருக்கிறான், தாய் அதற்கு மகிழ்ந்திருக்கிறாள்!

ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'பாஸ் அவுட்' என்பதற்கு முதற்பொருள் மயங்குவதுதான். குடிவெறி தலைக்கேறி நினைவிழந்து கிடப்பதையும் அப்படியே சொல்வார்கள். 'பாஸ்', 'அவுட்' என்று பிரித்து வைத்துப் பார்த்தால் மயக்கம் எங்கிருந்தும் வராது. நமது 'கைவிடு' என்பதில் கையைத் தேடுவது போன்றது அது. செயப்படுபொருள் ஒன்று சேர்ந்துவிட்டால், அமெரிக்கர் வழக்கில் பெரும்பாலும், வினாத்தாளைப் பகிர்ந்து கொடுப்பதாகிவிடும். அப்போது பொருளின் பெயருக்குப் பதில் 'தெம்' (அவற்றை) வந்தால், அதை இரண்டு சொல்லுக்கும் நடுவே செருகி 'பாஸ் தெம் அவுட்' என்று சொல்ல வேண்டும். 'அவுட்' இருக்கும் இடத்தில் 'அவே' வந்தால் ஆள் இறந்தே போவான். ஆகையால் இந்த இடத்தில் நான் கண்டிப்பு.

ஆனாலும் அந்தப் பிள்ளையை முழுப் பிழைகாரி என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயிற்சி முடித்து வெளியேறும் படையினரைப் பிரித்தானியரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'பாசிங் அவுட் பரேட்' என்பது அதுவே. அதைப் பட்டப்படிப்பு வரைக்கும் நீட்டிக்கொண்டவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் நாம்தாம். வெயிலில் மணிக்கணக்காக நிற்கும் பயிலுநன் ஒருவன் ஒரே நாளில் இரு வகையாகவும் 'பாஸ் அவுட்' ஆகலாம் என்பதையும் யோசித்துப் பார்.

சொல்லை வெட்டாமல் கீழே கோடிட்டு, மேலே 'கிராஜுவேட்டட்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் விடவில்லை. "சேர், கம்பஸில எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுகினம்" என்றாள். அதுவும் உண்மைதான், புள்ளியைக் குறைக்கவில்லை.

நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில், அதிபரின் உரை முடியுமுன் நீ சாய்ந்து விழ, நானும் இன்னொருவனும் வேப்பமரத்தடிக்குத் தூக்கிச் சென்று சோடா தெளித்தோமே, அது எந்தப் பொருளில் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

உன் பழைய வகுப்புத் தோழன்