மரவேலை ஆர்வலர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் வருகை தந்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் எனது வணக்கம்.

நடந்து முடிந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். வரவுசெலவு விபரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கவுள்ளமையால் அவற்றை நான் தொடவில்லை. உறுப்பினர் தொகை சற்றுக் கூடியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தோரில் ஆசிரியர்களும் விவசாயிகளும் ஓய்வுபெற்ற அரச ஊழியர்களுமே அதிகம். மாதாந்தப் பட்டறை வழமைபோல் மாங்குளத்திலுள்ள எமது கொட்டகையில் முதற் சனிக்கிழமைகளில் நடைபெற்றது. வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி வைகாசிக் கூட்டமும், வீதியில் வெள்ளம் நின்றமையால் கார்த்திகைக் கூட்டமும் ஒரு வாரம் பிற்போடப்பட்டன.

சென்ற பொதுக்கூட்டத்தில், செய்து முடிக்கும் பொருட்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதை விடுத்து இவ்வாண்டை மூட்டுகளுக்கென ஒதுக்குவது என்று தீர்மானித்தோம். அத்தீர்மானத்துக்குக் காரணமாயிருந்தது, உறுப்பினர் ஒருவரின் வீட்டில் நடுவே பிளந்துபோன வேப்ப மரச் சாப்பாட்டு மேசையாகும். மேற்பலகையை நான்கு பக்கமும் சட்டத்தோடு பசையிட்டு, திருகாணியும் இறுக்கி, எவ்விதத்திலும் அசையாதபடி செய்திருந்தார். மாசியில் செய்த மேசை ஆனியில், தென்மேற்குக் காற்றாகிய சோளகம் அடிக்கத் தொடங்கிய பின்னர், நரம்பு வழியே, அதாவது மரநார் ஓடும் திசையில், வெடித்தது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாதிருக்க, அகலவாக்கில் மட்டும் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் என்பதும், அதிலும் ஆண்டு வளையத்தைத் தழுவிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கம் நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதும் நூல்களில் உள்ள செய்திகளே. எனினும் கைத்தொலைபேசியில் நாம் பார்த்துப் பழகும் காணொளிகள் பெரும்பாலும் பைன், ஓக் மரங்களைக் கொண்டு குளிர்நாடுகளில் செய்யப்பட்டவை. வாடையில் ஊறிச் சோளகத்தில் காயும் எமது மரத்துக்கு அவற்றின் அளவுகளை அப்படியே எடுத்தாளலாகாது.

ஆகவே முதல் இரு பட்டறைகளிலும் மேசைப் பலகையைச் சட்டத்தோடு பொருத்தும் முறையையே எடுத்துக்கொண்டோம். சட்டத்தின் உட்பக்கத்தில் தவாளிப்பு, அதாவது ஒடுங்கிய நீள்பள்ளம், இட்டு, அதனுள் நாக்கு நீட்டும் சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகாணியால் பூட்டினால், பலகை மேலெழும்பாது. ஆனால் அகலவாக்கில் விரிவதற்கும் சுருங்குவதற்கும் கட்டைகள் தவாளிப்புக்குள் இடம் கொடுக்கும். மரத்தின் ஈரம் 4 வீதம் மாறுமாயின் 12 அங்குல அகலத் தேக்குப் பலகை முக்கால் நூலளவும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று), அதைவிட அதிகம் சுருங்கும் மரங்களில் ஒரு நூலுக்கு மேலும் அசையும் என்று கணக்கிட்டுக் காட்டினோம். கதவுச் சட்டத்துள் நிற்கும் பலகைக்குப் பசை பூசாமல் விடுவதும் இதே நியாயத்தின்படிதான். மாரியில் திறக்க மறுக்கும் இலாச்சியைச் சீவிச் சீவிக் கோடையில் கிலுகிலுக்க விடும் பழக்கமும், அந்த அசைவுக்கு முதலிலேயே இடம் வைக்காததால் வருவதே.

ஆண்டின் சிறப்பான நிகழ்வாக நான் குறிப்பிட விரும்புவது, மல்லாவிப் பக்கத்திலிருந்து வந்து எமக்கு வண்டில் சில்லு ஒன்றைப் பிரித்துக் காட்டிய முதிய ஆசாரியாரின் பட்டறையாகும். சில்லின் நடுவிலுள்ள குடத்தில் வெட்டிய துளைகளுள் ஆரக்கால்களின் கழுந்துகள், அதாவது துளைக்குள் புகுமாறு மெலிதாக்கிய முனைகள், இறங்க, மறுமுனைகள் விளிம்பு மரங்களாகிய வட்டைகளுள் புக, இவை யாவற்றையும் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கி நிற்கிறது. பசை ஒரு துளியும் இல்லை. பட்டையைச் சில்லின் சுற்றளவிலும் சற்றுக் குறைவாக அடித்து, நெருப்பில் சூடேற்றி விரியச் செய்து, சில்லின் மேல் இறக்கி உடனே நீரூற்றும்போது அது சுருங்கி மூட்டுகள் அனைத்தையும் ஒருமிக்க நெருக்குகிறது. கோடையில் மரம் வற்றி ஆரக்கால்கள் ஆடத் தொடங்கினால், அக்காலத்தில் வண்டிலைக் குளத்து நீரில் இறக்கி ஊறவிடுவார்கள் என்று ஐயா விளக்கியபோது, அதைச் சிறுவயதில் கண்டிருந்த உறுப்பினர்கள் சிலர் தலையசைத்தார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்குரியது என்பதற்கு அவர் உளிமுனையால் இட்டிருந்த அடையாளங்கள் இன்னும் குடத்தில் தெரிந்தன. நாம் பென்சிலால் எழுதும் எண்கள் முதற் சீவலோடு போய்விடுகின்றன. உளியடையாளத்தை இனி நாமும் கைக்கொள்வது நல்லது.

அவரது வழிகாட்டலிலேயே துளையும் கழுந்துமாகிய மூட்டை வேப்ப மர முக்காலி ஒன்றில் பயின்றோம். ஓர் அங்குலத் தடிப்புள்ள சட்டத்தில் கழுந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிய மூன்று நூல் இருக்கவேண்டும். கையிலுள்ள உளியின் அகலத்தையே துளையின் அகலமாகக் கொண்டால் அளவு பிசகாது. இறுக்குவதற்கு இரும்புப் பிடிகள் இல்லாதோருக்காக, மர ஆணியால் இழுத்துப் பூட்டும் முறை காட்டப்பட்டது. முக்காலியின் காலில் முதலில் ஆணிக்குத் துளையிட்டு, கழுந்தை உள்ளே செலுத்தி அத்துளையின் மையத்தைக் கழுந்தில் குறித்து, பின்னர் கழுந்தை வெளியே எடுத்து அக்குறியிலிருந்து அரை நூல் தோள் பக்கமாக, அதாவது கழுந்தின் அடியிலுள்ள படியை நோக்கி, தள்ளித் துளைக்கவேண்டும். முதிரை மரத்தில் பிளந்தெடுத்துச் செதுக்கிய கூர்நுனி ஆணியை அடிக்கும்போது அது வளைந்து புகுந்து, தோளைக் காலோடு அப்படியே இழுத்து நெருக்கிவிடுகிறது. வாளால் அறுத்து எடுத்த ஆணி நரம்பு குறுக்கே ஓடுமிடத்தில் முறிந்துவிடும். ஆணி பிளந்தே எடுக்கப்பட வேண்டும் என்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டும் புறாவால் மூட்டுக்கு ஒரு பட்டறையே கிடைத்தது. மென்மரத்தில் ஆறுக்கு ஒன்று, வன்மரத்தில் எட்டுக்கு ஒன்று என்ற சரிவைத் தேக்குப் பெட்டியொன்றில் வெட்டிப் பார்த்தோம். வாலை முதலில் வெட்டுவதா, அதனுள் பொருந்தும் ஆப்பை முதலில் வெட்டுவதா என்று தேநீர் இடைவேளை முழுவதும் நடந்த விவாதத்தை நான் அறிக்கையில் பதியவில்லை. எதை முதலில் வெட்டினாலும் மற்றதை அதன்மேல் வைத்துக் கீறினால் போதுமானது என்பது எனது அபிப்பிராயம். தேக்கில் எண்ணெய்த்தன்மை உண்டாகையால் பசையிடுவதற்குச் சற்று முன்னர் மேற்பரப்பைத் தின்னரால் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பனையைப் பற்றிக் கேட்டோர் பலர். பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது கிடைக்கும் பனஞ்சிலாகைகள் பல தசாப்தங்கள் காய்ந்தவை. வைரம் பாய்ந்த வெளிப்பகுதி இரும்பு போன்றது. ஆனால் பனைக்கு ஆண்டு வளையமில்லை. கருநார்கள் மென்மையான சோற்றினுள் பதிந்து நிற்கும் அமைப்பு அது. மெல்லிய கழுந்து நாருக்கு நார் பிரிந்து சிலாம்பாகிவிடும். பனையில் நுணுக்கமான புறாவால் வெட்ட முயல்வது வீண் என்றே கருதுகிறேன். தடித்த கழுந்தும் ஆப்பும் கொண்ட வாங்குகளுக்கு அது மிகப் பொருத்தம்.

மரம் தேடுவதில் எமது பகுதிக்குரிய இடர் ஒன்றையும் இங்கு பதிவு செய்யவேண்டும். வன்னியில் போர் முடிந்த 2009 க்கு முன்பே வளர்ந்து நின்ற மரம் எதுவாயினும், அதனுள் எறிகணைச் சிதறலோ துப்பாக்கி ரவையோ இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் வாளை வைக்கவேண்டும். மரக்காலைகள் சில எமது பகுதி மரங்களை அரியத் தயங்குவதும் இதனாலேயே. 2020 மார்கழியில் புரெவிப் புயலில் விழுந்து, உறுப்பினர் ஒருவரின் காணியில் அரிந்து அடுக்கப்பட்டிருந்த வேம்பில் இவ்வாண்டு சீவுளி இட்டபோது, பலகையின் நடுவே விரலளவு நீளத்துக்குக் கருநீலக் கறையொன்று நரம்போடு ஓடியிருந்தது. இரும்பு மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. கறை முடியும் இடத்தில் உளியால் மெல்ல எடுத்தபோது, நெல்மணியளவான துண்டு ஒன்று அகப்பட்டது. சுற்றிலும் மரம் வளர்ந்து மூடியிருந்ததால் பட்டையில் வடு எதுவும் தெரிந்திருக்கவில்லை. காந்தம் இரும்புச் சிதறலைக் காட்டும். செப்பும் ஈயமும் கொண்ட ரவைகளைக் காட்டாது. எனவே கையடக்க உலோகங்காட்டி ஒன்றைச் சங்கம் வாங்கவேண்டும் என்ற பிரேரணையை நிர்வாக சபை முன்வைக்கிறது. சிதறலிலும் பெரிதான, உருவம் தெரியாத பொருள் எதையும் எவரும் தோண்டி எடுக்க முற்படலாகாது. வேலையை நிறுத்திப் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும்.

மரம் காயவைத்தல் பற்றி இரு வார்த்தை. நன்கு காய்ந்தது என்று சொல்லி விற்கப்பட்ட தேக்கை உறுப்பினர் ஒருவர் வாங்கிவந்து, இரு மாதங்களில் அது முறுக்கிக்கொண்டதைக் கண்டார். சொல்லை நம்புவதிலும் தராசை நம்புவது மேல். பலகையின் நடுப்பகுதியிலிருந்து வெட்டிய சிறு துண்டை நிறுத்து, 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலான வெப்பத்தில் நிறை மேலும் குறையாத வரை உலரவிட்டு மீண்டும் நிறுக்கவேண்டும். 460 கிராம் இருந்தது 400 இல் நின்றால், இழந்த 60 ஐ 400 ஆல் வகுக்க 15 வீதம் வரும். 520 இருந்திருந்தால் 30 வீதம், அது பச்சை மரமே. அடுக்கும்போது குறுக்குச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்கவும், பலகை முனைகளுக்கு மெழுகோ தீந்தையோ பூசப்படவும் வேண்டும்.

முதிரையின் தூள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரக்கூடியது. அதன் பொன்னிறத்துக்கும் வாசனைக்கும் மயங்கி முகக்கவசமின்றி அரத்தாள் தேய்ப்போர் இன்னமும் இருக்கின்றனர். வேம்பு, முதிரை இரண்டிலும் நரம்பு மாறிமாறி ஓடுவதால் சீவுளி பெயர்த்தெடுக்கும். நன்கு தீட்டிய இரும்பைக் குறைவாக இறக்கிச் சரித்துத் தள்ளுவதும், கடைசியில் சுரண்டியால் முடிப்பதும் பயன் தந்தன. வன்மரமாகிய பாலையை வெட்டுவோர் உளியின் கூரைச் சற்று மழுங்கிய கோணத்தில், 35 பாகையளவில், தீட்டிக்கொள்ளலாம். 25 பாகையில் தீட்டிய முனை பாலையில் உதிர்ந்துவிடுகிறது.

காட்டு மரம் எதுவும் சங்கத்தின் கொட்டகைக்குள் அனுமதிப்பத்திரமின்றி வரலாகாது என்ற விதி தொடர்ந்து பேணப்பட்டது. வளவில் நிற்கும் மரமாயினும் பலாவையும் பெண்பனையையும் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். இரவல் கொடுக்கப்பட்ட கருவிகளில் இரண்டு உளிகளும் ஒரு மூலைமட்டமும் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்போர் இன்றைய கூட்டம் முடிவதற்குள் கருவிப் பொறுப்பாளரைச் சந்திக்கவும்.

வரும் ஆண்டில் பொலித்தீன் கூரையிட்ட சிறு உலர்த்துகூடம் ஒன்றை அமைப்பதற்கும், வண்டில் சில்லு ஒன்றை முதலிலிருந்து செய்து முடிப்பதற்கும் நிர்வாக சபை ஆலோசித்துள்ளது. பின்னையதற்குக் குடத்துக்கேற்ற காய்ந்த மரம் யாரிடமாவது இருப்பின் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கொட்டகைக்கு இடம் தந்துதவும் அன்பருக்கும், தமது சில்லைப் பிரிக்கத் தந்த ஆசாரியார் ஐயாவுக்கும் சங்கத்தின் நன்றி உரியது. உலோகங்காட்டி, உலர்த்துகூடம் ஆகிய இரு பிரேரணைகளையும் இவ்வறிக்கையோடு சேர்த்துச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்