ஹஸான் கச்சேரிப் பாடகர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த யூத இசைக் கட்டுரை, ஹஸானை ‘ஜெப ஆலயத்துப் பாடகர், மனம்போன மெட்டில் பாடுபவர்’ என்கிறது. முன்பாதி அரைகுறை. பின்பாதி தவறு.

எபிரேயத்தில் அவரை ‘ஷலியாக் ட்ஸிப்பூர்’, அதாவது சபையின் தூதர் என்பார்கள். அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில், ஜெபம் மனப்பாடமாகத் தெரியாதவர்களுக்கும் சேர்த்து அவரே சொல்வார். கேட்டு ‘ஆமென்’ சொன்னால் அவர்களே சொன்னதாகக் கணக்கு. ஆகவே சொல்தான் முதல், ராகம் பிறகு. நாம் நிரவல் செய்வதுபோல ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவதைக் கண்டிப்பான சபைகள் ஏற்பதில்லை. ‘மோதிம், மோதிம்’ (நன்றி செலுத்துகிறோம்) என்று இருமுறை சொல்பவரை வாயடைக்கச் சொல்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. இரண்டு கடவுள்களை வணங்குவதுபோல் ஆகிவிடும் என்ற அச்சம்!

மெட்டுக்கும் வரம்பு உண்டு. அதற்குப் பெயர் ‘நுஸாக்’. வாரநாளுக்கு ஒன்று, ஓய்வுநாளுக்கு ஒன்று, புத்தாண்டுக்கும் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நோன்பு நாளுக்கும் வேறு. பழகியவர் கண்ணை மூடிக் கேட்டாலே இன்று என்ன நாள் என்று சொல்லிவிடுவார். அந்த வரம்புக்குள் கற்பனைக்கு இடம் தாராளம். கட்டுரையாளர் ‘சோக மெட்டு’ என்று தாண்டிப்போன ‘அஹவா ரபா’ என்ற மெட்டு வகையின் சுரங்கள் நம் வகுளாபரண ராகத்தின் சுரங்களே: ச ரி1 க3 ம1 ப த1 நி2. சுரம் ஒன்றானாலும் பிடிகள் வேறு. அது சோகத்துக்கு மட்டும் என்றும் இல்லை. கல்யாணத்தில் ஆடும் ‘ஹவா நகீலா’வில் பெரும்பகுதி இதில்தான்.

யோம் கிப்பூருக்கு முந்தைய மாலை பாடும் ‘கோல் நித்ரே’ பற்றிக் கட்டுரையில் ஒரே வரி. அது அராமிய மொழியில் உள்ள சபத விலக்கு. ஜெபம் என்பதைவிடச் சட்ட வாசகம். ஆகவே சூரியன் மறையுமுன் தொடங்க வேண்டும். தோரா (வேத) சுருள்களை ஏந்தி இருவர் ஹஸானின் இருபுறமும் நிற்பார்கள். யூதச் சட்டப்படி மூவர் சேர்ந்தால் நீதிமன்றம்! ஐரோப்பிய அஷ்கெனாசி வழக்கில் மூன்று முறை பாடுவார்கள்: முதலில் முணுமுணுப்பாக, அடுத்து சற்று உரக்க, மூன்றாவது முழுக்குரலில். சிக்கல் இங்கேதான். மரபுவழிச் சபைகளில் அன்று வாத்தியமும் கிடையாது, மைக்கும் கிடையாது. காதை நம்பித்தான் சுருதி பிடிக்க வேண்டும். முதல் சுற்றை அரைச் சுரம் மேலே எடுத்துவிட்டால் மூன்றாவதில் குரல் கிழியும். அதற்குப்பின் ஏறக்குறைய 25 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் நடுப்பகல் ‘முசாஃப்’ தொழுகை நீண்டது, அந்தியில் ‘நெயிலா’ என்ற நிறைவுத் தொழுகை வேறு. அதனால் காலைத் தொழுகையை இன்னொருவரிடம் விட்டுக் குரலைச் சேமிப்பது வழக்கம்.

கடைசியாக, புகழ்பெற்ற ஹஸான் யோஸலே ரோஸன்பிளாட் ஓபரா (இசை நாடகம்) மேடையில் பாட ‘ஓபரா பிடிக்காததால்’ மறுத்தார் என்று கட்டுரை சொல்வது சரியல்ல. 1918-இல் சிகாகோ ஓபரா ஓர் இரவுக்கு 1,000 டாலர் தர முன்வந்தது. தாடியை மழிக்க வேண்டாம், ஓய்வுநாளில் பாட வேண்டாம் என்றும் சொன்னது. ஹஸான் பதவிக்கு அந்த மேடை பொருந்தாது என்பதே மறுப்புக்குக் காரணம். கச்சேரி மேடையை அவர் ஒதுக்கவில்லை, இசைத்தட்டுகளும் ஏராளம். ஆனால் 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் தோன்றியபோது, தொழுகையில் இடம்பெறாத ஒரு பாட்டைத்தான் பாடினார்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி.