மழை விடட்டும், பாப்பா

யாங்கோன்,
ஐப்பசி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "கிட்டார் முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் கரண்ட் போய், லைனும் போய்விட்டது. இன்னும் முடியவில்லை, பாப்பா. தை பிறக்காமல் கிட்டாரின் உடம்புப் பெட்டியை ஒட்டி மூடவும் மாட்டேன். காரணத்தைப் போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் உனக்குத் தெரியாமல் ஒரு கிட்டார் செய்தேன். பிறந்தநாளுக்கு அனுப்பிவிடலாம் என்று அவசரம். ஆவணி மாதம், வெளியே மழை கொட்டுகிறது, நான் உள்ளே மேல்பலகைக்குச் சட்டங்களை ஒட்டிப் பெட்டியை மூடிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தந்தி கட்டி உன் அம்மாவுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன். அப்புறம் தை மாதத்தில் ஒரு ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, பட்டறைப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்துப் படுத்துக்கொண்டேன். காலையில் போய்ப் பார்த்தால், தந்தியைக் கட்டுகிற கட்டையான பிரிட்ஜிலிருந்து அடிவிளிம்பு வரைக்கும் பலகை ஒரே கோடாக வெடித்திருந்தது.

மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில்தான் உப்பும். நீளத்தில் ஏறக்குறைய அசையாது. பலகை உப்பியிருக்கும்போது குறுக்கே சட்டத்தை ஒட்டிவிட்டால், பனிக்காலத்தில் அது காய்ந்து சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. இரண்டரை மில்லிமீட்டர் பலகை வேறு என்ன செய்யும்? கதவு, ஜன்னல் வேலையில் இந்தக் கவலை எனக்கு இருந்ததில்லை. மழைக்குக் கதவு பிடித்தால் ஓரத்தில் ஒரு இழை இழைத்துவிட்டால் தீர்ந்தது.

நீ இருக்கிற கனடாவின் கால்கரியில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும். அந்த அறைக் காற்று இந்த ஊர்த் தை மாதத்தைவிடக் காய்ந்தது. இங்கேயே தாங்காதது அங்கே எப்படித் தாங்கும்? நீ வாங்கி அனுப்பிய ஈரமானியை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இன்று காலை காற்றின் ஈரம் 84 சதவீதம் என்று காட்டியது. ஒட்டுகிற அன்று அது 45-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டுப் பலகையைக் காயவைத்துப் பார்த்தேன். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தால் அது நடக்கிற காரியம் இல்லை. தடிஞ்யூட் விளக்குத் திருவிழா முடிந்தால் மழை அடங்கும். மார்கழி கடைசி, தை முதல், அந்தச் சில வாரங்கள்தான் என் கணக்கு.

அதற்காகக் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. நீ அனுப்பிய சிட்கா ஸ்ப்ரூஸ் பலகை இரண்டையும் மாதக்கணக்கில் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் நாட்டு மேற்குக் கடற்கரையில் வளர்கிற மரமாம். அவ்வளவு நேரான ரேகையை நான் தேக்கில் பார்த்ததில்லை, சீப்புப் பல் மாதிரி. இரண்டும் ஒரே கட்டையைப் பிளந்து எடுத்தவை, புத்தகத்தைத் திறந்த மாதிரி ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நடுவில் சேர்க்கிற ஓரத்தை இழைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மயிரிழை அளவு வெளிச்சம் கசிந்தது. மறுபடி இழைப்புளியைச் சாணை பிடித்து ஒரே ஓட்டு ஓட்டினேன். மறுபடி தூக்கிப் பார்த்தேன். அப்படி மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கோடு மொத்தமும் இருட்டாகிவிட்டது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கனத்தைக் குறைக்கிற வேலையையும் ஆரம்பித்திருக்கிறேன். பலகையின் மேல்மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். முதலில் 'டொக்' என்று சின்னதாய் முடிந்தது. இழைக்க இழைக்கச் சுருதி இறங்குகிறது, சத்தம் நீள்கிறது. காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெயின்ஜி சந்தையில் அம்மா பானையைத் தட்டித் தட்டி வாங்குவாளே, அதே வேலைதான். அவளையே கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறேன். "இன்னும் கொஞ்சம்" என்கிறாள். அவள் காது என் காதைவிட நல்ல காது.

இந்தப் பலகைக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பாய். ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் என்று ஒருவர் இருந்தார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் கொடுத்தவர். 1862-இல் அவர் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழில் செய்து, மேல்பலகை மட்டும் மரமாக வைத்து ஒரு கிட்டார் செய்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதற்காக. அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உனக்கும் அவர் முறையில்தான், அடியில் ஏழு சட்டங்களை விசிறி மாதிரி விரித்து ஒட்டப் போகிறேன்.

ஆனால் முதுகுக்குக் காகிதம் வைக்கவில்லை. தாத்தா கடைக் கல்லாமேசைப் பலகை ஞாபகம் இருக்கிறதா? 1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது நம் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். இத்தனை நாள் சமையல்கட்டில் பெஞ்சாகக் கிடந்தது. நீ அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். அசல் படௌக், நம் ஊர் வேங்கைக்குச் சொந்தக்கார மரம். அதை வாளால் அறுத்துத் திறந்தபோது உள்ளே இருந்த சிவப்பைப் பார்த்து எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. பர்மியர் வாசிக்கிற சௌங்குக்கு உடம்பும் இந்த மரம்தான். நம் பழம்பாட்டில் வருகிற வில்யாழ் மாதிரியே வளைந்த கழுத்தோடு இருக்கும் அந்த வாத்தியம். நம் பக்கம் யாழ் வழக்கொழிந்து போயிற்று, இங்கே இன்னும் வாசிக்கிறார்கள். இந்த மரத்தைத் தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வரும். தூள்தான் தொந்தரவு. குங்குமம் மாதிரி கையெல்லாம் ஒட்டி, வெள்ளை ஸ்ப்ரூஸிலும் ஏறிவிடும். அதனால் மேல்பலகையைத் துணியில் சுற்றி வேறு அறையில் வைத்திருக்கிறேன்.

பக்கப் பட்டைகளை வளைத்தாயிற்று. இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்து, நனைத்து, உள்ளே கரி எரிகிற இரும்புக் குழாய்மேல் அழுத்த வேண்டும். முதலில் அசையாது. ஆவி எழும்பும், திடீரென்று கைக்கு இளகும். அந்த நேரத்தில் அவசரப்பட்டால் இடுப்பு வளைவில் நார் கிளம்பிவிடும். முதல் பட்டை அப்படித்தான் போயிற்று. நல்லவேளை, பெஞ்சில் இன்னொரு பட்டைக்கு மரம் இருந்தது.

கழுத்தில் குறுக்கே பதிக்கிற கம்பிகளுக்கான ஃப்ரெட் கணக்கு நீ அனுப்பியபடியே வைத்துக்கொண்டேன். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர், அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 36.48-இல், மிச்சத்தை மறுபடி வகுக்க அடுத்தது, பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325. ஒவ்வொன்றையும் தலைப்பக்கத்திலிருந்தே அளக்கச் சொன்னாய். அப்படியே செய்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் பழைய கிட்டாரின் பிரிட்ஜ் பிய்ந்து வந்தது. நான் அதை இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் கொடுத்தேன். வேலை தெரிந்தவன் என்ற நினைப்பில் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஒருமுறை மீட்டிப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் மாட்டிவிட்டாய், அப்புறம் எடுக்கவே இல்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அந்த ஸ்க்ரூ பலகையின் வாயைக் கட்டிவிட்டது. மன்னித்துக்கொள், பாப்பா. இதில் ஆணி, ஸ்க்ரூ எதுவும் கிடையாது. எல்லாம் வஜ்ஜிரப் பசைதான். ராத்திரியே ஊறப்போட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் டப்பாவை இறக்கி, 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். கொதித்தால் பலம் போய்விடும். நாளைக்கு ஏதாவது விட்டுப்போனாலும் சூடும் ஈரமும் காட்டினால் கழன்றுவிடும், பலகைக்குக் காயம் இல்லாமல் மறுபடி ஒட்டலாம்.

தை, மாசியில் பெட்டி மூடி, அரக்கு பாலிஷ் போட்டு, சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்குள் தந்தி கட்டிவிடுவேன். படௌக் பூக்கிற நேரம். உன் கைக்கு வந்ததும் கிட்டார் வைத்த பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் வைத்திரு. குளிர்காலத்தில் வாசிக்காத நேரமெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், கூடவே ஈரப் பஞ்சு வைத்த டப்பா ஒன்று.

கழுத்தை மட்டும் இன்னும் செதுக்கவில்லை. தலைப்பக்கம் 52 மில்லிமீட்டர் அகலம் வைப்பது வழக்கம். உனக்கு அம்மா கை, சின்னக் கை. 50 போதுமோ என்று இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் இடது கையை வைத்து, விரல்களை முடிந்த வரை விரித்து, பென்சிலால் சுற்றி வரைந்து தபாலில் அனுப்பு. போனில் படம் எடுத்து அனுப்பாதே, அளவு மாறிவிடும்.

அன்புடன்,
அப்பா