தேய்ப்பு வண்டி அண்ணாச்சிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் செய்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் எல்லாம் தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றிரண்டு பேர் பதிலும் போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடியில் 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த பெருவெள்ளத்தில் நாம் பட்டதை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகள் என்னிடம் கேட்டது இதுதான்: "நம்மளக் காப்பாத்துனவங்களுக்கு நாம என்ன டீச்சர் குடுக்க?" யார் கையிலும் காசு இல்லை. குப்பை வண்டிக்காக வாசலில் குவிந்து கிடந்த நோட்டுப் புத்தகங்கள்தான் இருந்தன.

சாக்கடைத் தண்ணீர் பட்டதை ஒதுக்கிவிட்டு, பரணில் இருந்து ஈரம் மட்டும் ஏறியவற்றை எடுத்தோம். பின்னைப் பிடுங்கி, கிழித்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் மிக்சியில் அரைத்தோம். கூழைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, பழைய போட்டோ சட்டத்தில் கொசுவலை அடித்த சல்லடையால் அள்ளிக் கவிழ்த்தால் ஒரு தாள். பேனா மை கரைந்து லேசான நீலம் ஏறியிருந்தது. வடிகஞ்சி கொஞ்சம் சேர்த்தால்தான் எழுதும்போது மை பரவாது. மஞ்சள் தூள் கலந்த தாளில் ஒரு பையன் பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தான். அந்த இடம் மட்டும் குங்குமமாகச் சிவந்தது. அதன் பிறகு எல்லோருக்கும் சூரியன் சிவப்பாகத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆனால் தாள் காயவில்லை. மார்கழி மூட்டம், வெயிலே இல்லை. கொடியில் போட்டது சுருண்டது, தரையில் விரித்தது பூசண வாடை அடித்தது. பொங்கலோ ஜனவரி 15. சரி, கடையில் அட்டை வாங்கிவிடலாம் என்று நான் சொன்னபோது பிள்ளைகளின் முகம் போன போக்கைத் தெருமுனையில் நின்ற தேய்ப்பு வண்டி அண்ணாச்சி பார்த்திருக்கிறார். "அந்த ஈரத் தாளக் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்து நடுவில் தாளை வைத்தார். சிரட்டைக் கரியை விசிறி, தேய்ப்புப் பெட்டியைச் சூடாக்கினார். துணி தேய்ப்பதுபோல் இழுக்கவில்லை. பெட்டியைத் தூக்கி வைத்து, அழுத்தி, மறுபடி தூக்கி, அடுத்த இடத்தில் வைத்தார். "இழுத்தா பிஞ்சிரும். ஒத்தி எடுக்கணும்" என்று பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். வேட்டி ஈரத்தைக் குடிக்கும், ஆவி புஸ்ஸென்று கிளம்பும், துணியை விலக்கினால் அப்பளம்போல் ஒரு தாள். கனத்த பித்தளைப் பெட்டி அது. அதை ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை தடவை தூக்கி வைத்திருப்பார்! இருட்டிய பிறகும் நிறுத்தவில்லை. செல்போன் வெளிச்சத்தில் நடந்தது. அந்த வாரங்களில் தெருவில் தேய்க்கத் துணி கொடுக்கும் நிலையில் யாருமே இல்லை. கரிக்குக்கூட வரும்படி இல்லாத நேரத்தில், இருந்த கரியை எங்களுக்காக எரித்தார். பணம் நீட்டினேன். "பிள்ளேள் வேலைக்குத் துட்டா? போங்க டீச்சர்" என்றார். பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். மிக்சியை நம்பிக் கொடுத்த அம்மாமார்கள், ஜரிகைத் துணுக்குகளை மூட்டை கட்டிக் கொடுத்த தையல் அக்கா, கல்யாணப் பத்திரிகைக் கழிவை அள்ளித் தந்த அச்சகத்துக்காரர், ஒவ்வொரு உறையையும் நிறுத்துப் பார்த்து "20 கிராமுக்குள்ள இருக்கு, 5 ரூபாய் தலை போதும்" என்று பொறுமையாகச் சொன்ன தபால் நிலைய அம்மா, எல்லோருக்கும் நன்றி. உறைகள் எல்லாம் பழைய மாத நாட்காட்டித் தாள்கள், மைதாப் பசை.

அட்டைகள் போனது படகைத் தெருவுக்குள் கொண்டுவந்த மீனவர்களுக்கு, வெளியூரிலிருந்து வந்து சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கு. அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோறாக்கிப் போட்ட மேலப்புதுக்குடி ஊர்க்காரர்களுக்கும் ஒன்று போட வேண்டும் என்று ஒரு சிறுமி பிடிவாதமாக நின்றாள். யார் பெயரும் தெரியாது. "ஊர்ப் பொதுமக்கள், மேலப்புதுக்குடி" என்று எழுதிப் போட்டாள்.

என் சின்ன வயதில் மார்கழி பிறந்தாலே பெட்டிக்கடையில் வாழ்த்து அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். யாருக்கு எந்தப் படம் என்று யோசித்து வாங்குவோம். இந்தப் பிள்ளைகள் தபால்தலையை நாக்கில் தொட்டு ஒட்டியதே இதுதான் முதல் தடவை. கடையில் வாங்கிய அட்டையாக இருந்தால், ஒருவருக்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்து நினைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. இனி ஒவ்வொரு மார்கழியிலும் இதைச் செய்வோம், என் கையில் தெம்பு இருக்கும்வரை.

அதற்கு உங்கள் வீட்டில் சேரும் மிட்டாய்ப் பெட்டி, பத்திரிகை, எழுதி முடித்த நோட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். சனிக்கிழமை பிள்ளைகள் வந்து வாங்கிக்கொள்வார்கள். அப்புறம், வீட்டில் துணி தேய்க்க வேண்டியிருந்தால் அண்ணாச்சியிடம் கொடுங்கள். வண்டி வழக்கமான வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது.

அன்புடன்,
மாலை வகுப்பு டீச்சர்