உன் முதலாளியும் தேர்தலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்தது, வீட்டில் வெள்ளையடிப்பு நடந்ததால் உடனே பதில் போட முடியவில்லை. பேத்தி பிறந்த செய்தி ரொம்ப சந்தோஷம்.

சரி, உன் முதலாளி அரசியலுக்கு வரப்போகிறார், நேரே எம்.பி., அப்புறம் மந்திரி என்று எழுதியிருந்தாய். பெங்களூரில் இருந்துகொண்டு நீ இப்படி நம்புவதுதான் வேடிக்கை. 2014-இல் பெங்களூர் தெற்கில் நந்தன் நிலேகனி நின்றாரே, மறந்துவிட்டாயா? இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவர், ஆதாரைக் கொண்டுவந்தவர், ஐ.டி. ஊர், இதைவிடத் தோதான தொகுதி யாருக்குக் கிடைக்கும்? 1996 முதல் அங்கே ஜெயித்து வந்த பா.ஜ.க. அனந்த்குமாரிடம் ரெண்டேகால் லட்சம் வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். மோடி அலை என்பாய், இருந்தது, ஆனால் மார்ச்சில் காங்கிரஸ் கட்சியில் சேர்ந்து ஏப்ரலில் வாக்குக் கேட்டால், 18 வருஷமாக வேர் விட்ட ஆளை அசைக்க முடியுமா?

பணத்தால் ஆகாது என்பதற்கு அமெரிக்காவைப் பார். இணையத்தில் பொருள் வாங்கி விற்கும் ஈபே கம்பெனியை நடத்திய மெக் விட்மன் 2010-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் சொந்தப் பணம் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் கொட்டினார், அதே பதவியில் 1975-இலேயே உட்கார்ந்த பழைய அரசியல்வாதி ஜெர்ரி பிரௌனிடம் தோற்றார். 1992 ஜனாதிபதி தேர்தலில் ராஸ் பெரோ, கம்ப்யூட்டர் சேவைக் கம்பெனி தொடங்கியவர், சுயேச்சையாக நின்று கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினார். சாதாரணமில்லை, ஆனால் அங்கே ஜனாதிபதியை முடிவு செய்வது மாநில வாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள்தான்; ஒரு மாநிலம்கூடக் கைக்கு வராததால் அவருக்கு அது பூஜ்யம்.

ஜெயித்தவரும் உண்டு. இணையத்தில் வாழ்த்து அட்டை, பூ என்று வியாபாரம் செய்து சம்பாதித்த ஜாரெட் போலிஸ் 2000-இல் கொலராடோ மாநிலக் கல்வி வாரியத்துக்குத்தான் முதலில் நின்றார். 2008-இல் நாடாளுமன்றம், 2018-இல் ஆளுநர். கீழிருந்து, கட்சியோடு, நிதானமாக.

கம்பெனியில் பிடிக்காதவனை வேலையைவிட்டுத் தூக்கலாம், எதிர்க்கட்சிக்காரனை என்ன செய்வது? தினமும் அவனோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அதற்குப் பொறுமை இருக்கிறதா உங்கள் ஆளுக்கு? நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் மீட்டிங்கில் ஒருவர் குறுக்கே பேசினாலே முகம் சிவந்துவிடுகிறவர்.

முதலில் வார்டு கவுன்சிலருக்கு நிற்கச் சொல். நிற்பாரென்றால் நானே வந்து நோட்டீஸ் கொடுக்கிறேன், சாப்பாடும் தங்குமிடமும் உன் பொறுப்பு.

அன்புடன்,
முருகேசன்