கருந்துளைக்கு மட்டும் முழுப் பெருமையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வானத்துக் காமா கதிர்களைப் (மிக அதிக ஆற்றல் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளி) பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால், எல்லாத் திசைகளிலிருந்தும் மங்கலாக வந்துகொண்டிருக்கும் காமா வெளிச்சம் முழுக்கக் கருந்துளைகளின் வேலை என்று முடித்துவிட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

கட்டுரையாளர் இரண்டு கணக்குகளை ஒன்றாகப் போட்டுவிட்டார். 50 கிகா (அதாவது 5,000 கோடி) எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேல், பால்வீதிக்கு வெளியிலிருந்து வரும் காமா கதிரில் சுமார் 86 சதவீதம் பிளேசார்களுடையது என்று ஃபெர்மி விண்கலக் குழு 2016-இல் சொன்னது உண்மை. (ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளை நம்மை நோக்கித் தாரையைப் பீய்ச்சினால் அந்த மண்டலம் பிளேசார்.) ஆனால் அது மொத்தக் கணக்கு. தனித்தனியாக அடையாளம் கண்டவையும் அதில் அடக்கம். அவற்றைக் கழித்த பிறகும் வானமெங்கும் ஒரு மிச்சம் இருக்கிறது. பரவல் பின்னணி என்பது அதுதான்.

அந்த மிச்சத்துக்கு, விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் சாதாரண மண்டலங்களே போதும் என்று மாட் ராத் குழு 2021-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. பெரிய விண்மீன்கள் சீக்கிரமே வெடித்துச் சாகின்றன. அந்த வெடிப்பில் வேகம் பிடிக்கும் புரோட்டான்கள் சுற்றியுள்ள வாயுவில் மோதினால் பையான்கள் என்ற நுண்துகள்கள் உண்டாகும். மின்னூட்டமில்லாத பையான் கண நேரத்தில் இரண்டு காமா கதிர்களாகச் சிதைந்துவிடும். எம்82, என்ஜிசி 253 ஆகிய இரண்டு மண்டலங்களிலிருந்து காமா கதிர் வருவதை 2009-இலேயே கண்டுவிட்டார்கள். தொலைவில் உள்ளவை ஒவ்வொன்றாகத் தெரியாது, கோடிக்கணக்கில் சேரும்போதுதான் தெரியும். இந்தக் காமா பின்னணி வெளிச்சத்தில், ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் கரும்பொருளின் தடயத்தைத் தேடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் இடைஞ்சல். சாதாரண மண்டலங்களே பங்கை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன? இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

அப்புறம், எங்கள் குமரி மாவட்டத்தில் காமா என்றாலே மணவாளக்குறிச்சி மணல்தான் ஞாபகம் வரும். கட்டுரையைப் படித்த பக்கத்து வீட்டுக்காரர், "அப்போ நம்ம மணல்ல இருக்கதும் மேல இருந்து வந்ததா சாரே?" என்று கேட்டார். இல்லை. அது மணலிலுள்ள மோனசைட் தாதுவின் தோரியம் சிதைந்து பிறக்கும் தனிமங்கள் விடுவது. அதில் பேர்பெற்ற வலுவான கதிரே 2.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்தான். ஃபெர்மியின் பெரிய தொலைநோக்கி கணக்கெடுக்கத் தொடங்குவதோ 20 மில்லியனில். தவிர, வானத்துக் காமா கதிர் நேரடியாகத் தரைக்கு வருவதில்லை, வளிமண்டலம் விழுங்கிவிடுகிறது.

அப்படி விழுங்கும்போது காற்றில் எழும் நீல ஒளியைப் பிடிக்கத்தான் லடாக்கின் ஹான்லேயில் மேஸ் தொலைநோக்கி இருக்கிறது, 21 மீட்டர் அகலம். அது எப்படி வேலை செய்கிறது என்று படத்தோடு ஒரு கட்டுரை போடுங்கள். இங்கே பிளஸ் டூ பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.