படியிறங்கி வந்த பதிவேடு

மதிப்பிற்குரிய ஊராட்சி நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சமுதாயக்கூடத்து வாசல் படிகளைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். முன்பு கொடுத்த மூன்று மனுக்களும் உங்களிடமே இருப்பதால் பழைய கதை வேண்டாம். ஆகஸ்ட் 15 கிராம சபையன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று நேரத்துக்கே சக்கர நாற்காலியில் வந்துவிட்டேன். "அண்ணே, தூக்கிட்டுப் போயிடுறோம்" என்று நான்கு பேர் ஓடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் தங்கை மகள் கல்யாணத்தில் அப்படித் தூக்கியபோது, மூன்றாவது படியில் ஒருவருக்குக் கால் இடறி நாற்காலி சாய்ந்தது. வேட்டி விலகிவிட்டது. மணமக்களைப் பார்க்க வந்த கூட்டம் என்னைப் பார்த்தது. 52 வயதில் மூட்டை மாதிரி ஏறி இறங்கியது போதும் என்று, இந்த முறை வெளியே ஜன்னலோரமாகவே இருந்துகொண்டேன்.

தீர்மானங்கள் வாசித்தது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. தெருவிளக்கு பற்றி ஒரு கேள்வி வைத்திருந்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே உயர்ந்த கையை யார் பார்ப்பது? கொஞ்ச நேரத்தில் வருகைப் பதிவேடு மட்டும் படியிறங்கி என்னிடம் வந்தது. "கையெழுத்து போட்ருங்கண்ணே, கூட்டம் நடத்தப் போதுமான ஆள் இருக்கான்னு கணக்குப் பார்க்கணும்." போட்டேன். ஆக, நான் கலந்துகொண்டதாகப் பதிவேடு சொல்கிறது.

நான் கேட்பது முன்வாசலில் ஒரு சாய்தளம். இடமில்லை என்கிறீர்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. ஐந்து படியும் சேர்ந்து இரண்டரை அடி, அதற்கு முப்பதடி. நேராக நீட்ட முடியாவிட்டால் சுவரோரமாக ஒரு திருப்பம் கொடுத்துக் கட்டலாம். சமையலறைக்குப் பின்னால் காஸ் சிலிண்டர் உருட்ட மட்டும் ஒரு சரிவு போட்டிருக்கிறீர்களே! செங்குத்தாக இருக்கிறது, நாற்காலிக்கு ஆகாது. இருந்தாலும் சிலிண்டரைப் பற்றி யோசித்த மனசு எங்களைப் பற்றியும் யோசித்திருக்கலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் மாற்றச் சொன்னது. விதிகள் 2017இல் வந்தன. கெடு எப்போது முடிந்தது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் சட்டத்திருத்தமும் வந்துவிட்டது. அப்படி ஒருவர் வந்தால் அவருக்கும் ஜன்னலோரம்தானா? தேர்தல் நாளில் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு எப்படியோ ஒரு சாய்தளம் வந்துவிடுகிறது. எங்கள் ஓட்டு உள்ளே வரலாம், கேள்வி வெளியே நிற்க வேண்டும் போலிருக்கிறது. மாற்றுத்திறனாளி என்று மரியாதையான பெயரும் வைத்தாயிற்று. படியேறும் மாற்றுத்திறன்தான் இன்னும் எனக்கு வரவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: சமுதாயக்கூடத்தின் முன்வாசலில், இரு பக்கமும் கைப்பிடியோடு ஒரு சாய்தளம். அன்று மைக்கை மட்டும் கொஞ்சம் ஜன்னல் வழியாக நீட்டுங்கள். தீர்மானத்தை நானே வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஜன்னலோரத்துக் கிராம சபை உறுப்பினர்